இடதுகால் திருடன்

உக்காருங்க அண்ணாச்சி, அந்த ஜன்னலோரம் உக்காருங்க. எனக்கு இந்தப் பக்கம்தான் தோது, காலை நீட்டிக்கிடலாம். சங்கரன்கோயிலா? நானும் அங்கதான். நல்லதாப் போச்சு, ஒண்ணரை மணி நேரத்துக்குப் பேச்சுத் துணை ஆச்சு. கொஞ்சம் சத்தமாப் பேசுவேன், கோவிச்சுக்கிடாதீங்க. முப்பத்தோரு வருஷம் போலீஸ்ல இருந்தவன். ஏட்டு ஆவுடையப்பன்னு சொன்னா ஊர்ல தெரியாத ஆள் கிடையாது. அதுல இருபது வருஷம் கிரைம். சைக்கிள் களவாண்டவன், சங்கிலி அறுத்தவன், உண்டியலுக்குள்ள பசை தடவின குச்சியை விட்டவன், எல்லாப் பயலையும் பாத்தாச்சு. ஒருத்தன் நடந்து வாரதைப் பாத்தே என்ன களவுன்னு சொல்லிருவேன். எனக்குத் தெரியாதா?

இந்தப் பையை மட்டும் உங்க மடியில வச்சுக்கிடுங்க. என் மக வடிவு கல்யாணப் பத்திரிகை. வைகாசி மாசம் கல்யாணம். முந்நூறு பத்திரிகை அடிச்சு வந்தாச்சு, இது போக மிச்சம் வீட்டுல கிடக்கு, இன்னைக்கு வரைக்கும் ஒருத்தருக்குக்கூட வைக்கல. ஏன்னு கேக்கீங்களா? மொதப் பத்திரிகை தாய்மாமனுக்குல்லா வைக்கணும். தாய்மாமன் என்கூடப் பேச்சு வார்த்தை இல்ல. அவனுக்கு வைக்காம அடுத்தவனுக்கு வச்சா ஊர் சிரிக்கும். வடிவு என்ன சொல்லிட்டா தெரியுமா? "மாமா வந்து மாலையை எடுத்துக் கொடுக்கலைன்னா நான் மணையில உக்கார மாட்டேன்"னுட்டா. அவ சொன்னா சொன்னதுதான். என் ரத்தம்.

எல்லாத்துக்கும் காரணம் ஒரு செருப்புக் களவு.

காலைத்தானே பாக்கீங்க? பாருங்க, பாருங்க. ஏறுனதுல இருந்து எல்லாரும் அதைத்தான் பாக்காங்க. இடது காலுக்கு ஒரு கட்டு, கட்டுக்கு மேல செருப்பு, செருப்பு கழண்டுராம இருக்க அதுக்கு மேல இன்னொரு கட்டு. ஆஸ்பத்திரி நர்ஸம்மா கட்டிவிட்டாங்க, பார்சல் ஆபீஸ்ல சாமான் கட்டுன மாதிரி. சவத்த விடுங்க, கதையைக் கேளுங்க.

போன ஐப்பசியில ஆரம்பிச்சுது. டீக்கடைக்குப் போயிட்டு வீட்டுக்கு வாரேன். வாசல்ல என் வீட்டுக்காரி கோமு நிக்கா. "என்ன, ஒத்தைச் செருப்போட வாரீங்க?"ன்னு கேக்கா. குனிஞ்சு பாக்கேன். வலது கால்ல இருக்கு, இடது கால்ல இல்ல. போகும்போது ரெண்டும் இருந்துச்சு. டீக்கடையில நான் கழட்டவே இல்ல. அப்போ என்ன அர்த்தம்? யோசிச்சுப் பாருங்க. நடந்துக்கிட்டு இருக்கும்போதே எவனோ உருவியிருக்கான்!

சிரிக்காதீங்க அண்ணாச்சி. தூங்குறவன் காதுல கிடந்த கடுக்கனைக் கழட்டுன ஆளை நான் பிடிச்சிருக்கேன். நடக்குறவன் கால்ல கிடக்குற செருப்பை உருவுன ஆளை என் சர்வீஸ்லயே பாத்ததில்ல. கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும், எனக்கு அவன் மேல ஒரு மரியாதையே வந்துருச்சு. தொழில் சுத்தம்னா அதுல்லா தொழில் சுத்தம்.

கார்த்திகையில ரெண்டாவது போச்சு, ரேஷன் கடையில இருந்து வரும்போது. தை மாசம் மூணாவது, பஸ் ஸ்டாண்டுல. மூணும் இடது கால். வலது காலை அவன் தொடவே மாட்டேங்கான். ஒவ்வொரு கள்ளனுக்கும் ஒரு பாணி உண்டு பாத்துக்கிடுங்க. ஓட்டைப் பிரிச்சு இறங்குறவன் ஜன்னல் பக்கம் போகமாட்டான். இவன் இடதுகால்காரன். நான் தனியா ஒரு நோட்டுப் போட்டு எழுதினேன். தேதி, நேரம், இடம், கூட யார் இருந்தா. எழுதி முடிச்சுத் திருப்பிப் பாத்தா மூணு தடவையும் கூட இருந்தது ஒரே ஆளு. என் மச்சினன் நயினார்.

கோமுவுக்குக் கூடப்பிறந்த தம்பி. வடிவுக்குத் தாய்மாமன். அடுத்த தெருவுல மருந்துக்கடை வச்சிருக்கான். எங்க போனாலும் என் பின்னாலயே வருவான். சின்னதுல இருந்தே சேட்டைக்காரப் பய. கல்யாணம் முடிஞ்சு மறுவீட்டுக்குப் போயிருந்தப்போ என் யூனிபார்ம் பெல்ட்டை அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வச்சவன். முன்வழக்கு இருக்குல்லா?

இன்னொண்ணு கேளுங்க. நான் செருப்புக் களவைப் பத்திப் பேச்செடுத்தாப் போதும், இந்தப் பய சுகரைப் பத்திப் பேச ஆரம்பிச்சிருவான். "அத்தான், மாத்திரை ஒழுங்காப் போடுதீங்களா? அத்தான், கருப்பட்டியும் சீனிதான். அத்தான், கால் மதமதன்னு இருக்கா?" நான் எதைக் கேக்கேன், அவன் எதைச் சொல்லுதான்? விசாரணையில பேச்சை மாத்துறவன் எவனோ அவன்தான் கள்ளன். இது போலீஸ்ல பால பாடம்.

எனக்குச் சுகர் இருக்குதான், இல்லைன்னு சொல்லல. பன்னெண்டு வருஷமா இருக்கு. ஆனா லைட்டா. சீனியைக் கையால தொட்டு ஆறு வருஷம் ஆச்சு, கருப்பட்டிக் காப்பிதான் குடிக்கேன். ஒரு நாளைக்கு அஞ்சு. ரத்தம் எடுக்கப் போறதுக்கு ரெண்டு நாள் முன்னாலயே வாயைக் கட்டி, மாத்திரையையும் விடாமப் போட்டு, சுத்தமாப் போவேன். ரிசல்ட்டு பூப்போல வரும். பெறகு எதுக்கு மாசம் முச்சூடும் மாத்திரை? உடம்பு கெட்டுப்போகும்லா?

காலும் நல்லாத்தான் இருந்துச்சு. நடுவுல ஒரு வருஷம் கட்டில்ல எறும்புத் தொல்லை இருந்துச்சு, அவ்வளவுதான். படுத்தா போதும், பாதத்துல சுருக்கு சுருக்குன்னு கடி, அதோட ஒரு எரிச்சல். கோமுவை வைவேன், கட்டிலைச் சுத்தமா வைக்கத் தெரியாதான்னு. அவ விளக்கைப் போட்டுத் தேடிட்டு எறும்பே இல்லைம்பா. கண்ணு தெரியாம இருக்குன்னு நானே கட்டில் நாலு காலுக்கும் எறும்புப் பொடி வாங்கிப் போட்டேன். மாசக்கணக்கா விடாமப் போட்டேன். எறும்பு போயே போச்சு! இப்ப கடியும் இல்ல, எரிச்சலும் இல்ல. எனக்குத் தெரியாதா எறும்பை விரட்ட?

சரி, பங்குனிக்கு வாங்க. நாலாவது ஜோடி புதுசா வாங்கினேன். இந்தத் தடவை பொறி வைக்கணும்னு முடிவு பண்ணிட்டேன். செருப்புத் தைக்கிறவர்கிட்ட சின்ன ஆணி மூணு கேட்டு வாங்கினேன். இடது செருப்புல குதிகாலுக்குப் பக்கத்துல, முனை மேல பாத்த மாதிரி மூணையும் அடிச்சேன். பின்னால இருந்து உருவுறவன் அங்கதானே பிடிப்பான்? பிடிச்சா குத்தும்லா? போட்டுக்கிட்டு கோயில் வரைக்கும் நடந்தேன். நயினார் பின்னால வாரான். நான் திரும்பிப் பாக்கவே இல்ல.

தேரடி தாண்டினதும், "ஸ்ஸ்... அம்மா!"ன்னு ஒரு சத்தம். திரும்புனா, நயினார் கையில என் இடது செருப்பு. விரல்ல ரத்தம். கையும் களவுமா ஆப்பிட்டான்!

அவன் என்ன கேட்டான் தெரியுமா? "அத்தான், இதுல ஆணி இருக்கு, இதைப் போட்டுக்கிட்டா இவ்வளவு தூரம் நடந்தீங்க?"ன்னு கேட்டான். நான் சொன்னேன், "ஆமாடே, நான் நடந்தேன், எனக்குக் குத்தல. உனக்கு மட்டும் குத்துதுன்னா அதுல இருந்தே தெரியலையா கள்ளன் யாருன்னு?" எப்படி என் கேள்வி? கூட்டம் கூடிருச்சு. "உங்க கால்ல இருந்து அதுவா கழண்டு விழுந்துது அத்தான், இன்னைக்குத்தான் கண்ணால பாத்தேன், நீங்க தெரியாமலே நடந்து போறீங்க"ங்கான். எந்தக் கள்ளன்தான் வேற மாதிரி சொல்லிருக்கான்? செருப்பைப் பிடுங்கிப் பாத்தா ஆணி ரெண்டுதான் இருக்கு. மூணாவது எங்க? சாட்சியத்தையும் மறைக்கியான்னு கேட்டேன். பையைத் திருப்பிக் காட்டுன்னேன். காட்டினான் அண்ணாச்சி. அத்தனை பேர் மத்தியில சட்டைப் பையைத் திருப்பிக் காட்டினான். ஒண்ணும் இல்ல. "இனி என் வாசப்படி மிதிக்காத"ன்னுட்டேன். விரலை வேட்டி முனையால சுத்திக்கிட்டுப் போயிட்டான்.

கோமு அன்னையில இருந்து எனக்குச் சோறு போடுதா, பேச மாட்டேங்கா. வடிவு மணையில உக்கார மாட்டேங்கா. மூணு வாரமா இதுதான் என் வீடு.

அடேயப்பா! என்ன பிரேக்கு போடுதான் இந்த டிரைவர்! மானூர் வந்தாச்சா? பையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிடுங்க.

எதுக்கு இவ்வளவு சத்தமாப் பேசுதேன்னு நினைப்பீங்க. மெதுவாச் சொல்லுதேன், காதைக் கொடுங்க. முன்னால மூணாவது சீட்டு, நீலக் கட்டம் போட்ட சட்டை. ஏ, பாக்காதீங்க, பாக்காதீங்க! அவன்தான் நயினார். காலையில இதே மாதிரி திருநெல்வேலி பஸ்ல எனக்குப் பின்னால ஏறினான். ஆஸ்பத்திரியில தூணுக்கு அந்தப் பக்கம் நின்னான். இப்பவும் நான் ஏறின பெறகுதான் ஏறினான். ஆளைப் பின்தொடர்ந்து போறதை எனக்கே காட்டுதான், வெளங்காத பய. நான் தோத்துப் போறதைப் பாக்க வந்திருக்கான். வேற எதுக்கு வாரான்?

நீங்க கேட்டாலும் சரி, கேக்காட்டாலும் சரி, இனி நான் சொல்லப்போறதை அவன் கேக்கணும். அதுக்குத்தான் சத்தம். நேர போய்ச் சொல்லலாம்லான்னு கேப்பீங்க. முப்பத்தோரு வருஷம் அடுத்தவனைத்தான் ஒத்துக்க வச்சிருக்கேன். நான் ஒத்துக்கிட்டுப் பழக்கம் இல்ல.

ஆஸ்பத்திரிக்கு ஏன் போனேன்னா, நேத்து கோமு வீட்டுத் தரையில ஒரு ஈரத் தடம் பாத்தா. அடுப்படியில இருந்து கட்டில் வரைக்கும், ஒரு எட்டு விட்டு ஒரு எட்டு. என் இடது குதிகால்ல இருந்து சீழ். எனக்கு வலியும் இல்ல ஒண்ணும் இல்ல. "நீங்களா போறீங்களா, நான் தூக்கிட்டுப் போகவா?"ன்னா. மூணு வாரத்துல என்கிட்டப் பேசுன மொத வார்த்தை.

அங்க ஒரு டாக்டரம்மா. சின்ன வயசு. "கண்ணை மூடிக்கிடுங்க ஐயா, நான் கால்ல தொடும்போதெல்லாம் ஆமான்னு சொல்லுங்க"ன்னாங்க. பரீட்சை வைக்காங்களாம் எனக்கு! நாற்காலி கிறீச்சுங்கிற சத்தம், அவங்க மூச்சு விடுற சத்தம், எல்லாத்தையும் கணக்கு வச்சு "ஆமா", "ஆமா"ன்னு எட்டுத் தடவை சொன்னேன். கண்ணைத் திறந்து பாக்கேன், அந்தம்மா மேஜையில உக்காந்து எழுதிக்கிட்டு இருக்காங்க. "நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே ஐயா"ங்காங்க.

பெறகு நைலான் நரம்பு மாதிரி ஒண்ணை வச்சு இடம் இடமாக் குத்துனாங்களாம். குத்துனதா அவங்கதான் சொன்னாங்க. இடது பாதத்துல பத்து இடத்துல ஒண்ணுகூட எனக்குத் தெரியல. "வலதுலயும் தெரியலையே ஐயா"ன்னாங்க. அது சும்மா, எனக்குக் கூச்சம் கம்மி. வலது நல்லாத்தான் இருக்கு. எனக்குத் தெரியாதா என் வலது காலை?

அந்த எறும்புப் பொடியைச் சொன்னேன். எதுக்குச் சொன்னேன்னு இருக்கு. "எறும்பு போகல ஐயா. கடிக்குதுன்னு சொன்ன நரம்பு போயிருச்சு. எறும்பும் கிடையாது, அந்தச் சுருக்கு சுருக்குதான் நரம்பு கெடுறதுக்கு மொத அடையாளம்"ன்னாங்க. சுகர், கொழுப்பு, பிரஷர், இந்தத் தொந்தி, நாலும் கூட்டுக் களவாணியாம். ஒண்ணு வீட்டுக்குள்ள வந்தா மத்ததுக்கும் கதவைத் திறந்து விட்டுருமாம். ரத்தத்துல சீனி ஏறி வருஷக்கணக்கா நின்னுச்சுன்னா, நரம்பும் கெடும், நரம்புக்குச் சோறு கொண்டுபோற சின்னச் சின்ன ரத்தக் குழாயும் கெட்டுப்போகுமாம். உடம்புலயே நீளமான நரம்பு காலுக்குப் போறதுதான், அதனால கால்விரல்தான் மொதல்ல போகும்னாங்க. குளத்துல தண்ணி குறைஞ்சா கடைமடைக்காரன் வயல்தானே மொதல்ல காயும். அது மாதிரி.

"என் ரிசல்ட்டெல்லாம் பூப்போல இருக்கும்மா"ன்னேன். அதுக்கு மூணு மாசத்துச் சுகரையும் ஒரே சொட்டு ரத்தத்துல காட்டுற டெஸ்ட் ஒண்ணு வச்சிருக்காங்க. ரெண்டு நாள் நல்லவனா நடிச்சா அது நம்பாது. என் பழைய கேஸையெல்லாம் மொத்தமா வெளிய எடுத்துருச்சு. அதோட என்ன மாத்திரை, எத்தனை வருஷமான்னு கேட்டாங்க. எனக்கு எங்க ஞாபகம் இருக்கு? நர்ஸம்மா ஒரு சீட்டைக் கொண்டு வாராங்க. பன்னெண்டு வருஷமா நான் வாங்குன மாத்திரை, வாங்காம விட்ட மாசம், எல்லாம் அதுல வரிசையா. "உங்க வீட்டு ஆள் கொடுத்தாங்க"ங்காங்க. மருந்துக்கடைக்காரன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? அப்ரூவரா மாறி என்னைக் காட்டிக் கொடுத்துட்டான் பாத்தீங்களா!

இப்ப கேளுங்க, இதுதான் முக்கியம். நயினாரு, உனக்கும் சேர்த்துத்தான். நான் அண்ணாச்சிகிட்டதான் பேசுதேன், ஆனா உனக்கும் சேர்த்து.

டாக்டரம்மா குதிகாலைக் கீறி, இடுக்கியை விட்டு ஒண்ணை எடுத்தாங்க. தட்டுல டங்குன்னு விழுந்துச்சு. செருப்பு ஆணி. என் கையால வாங்குன ஆணி. மூணாவது ஆணி.

மூணு வாரமா அது என் காலுக்குள்ள இருந்திருக்கு அண்ணாச்சி. நான் அதை இன்னொருத்தன் சட்டைப் பைக்குள்ள தேடியிருக்கேன்.

"இன்னும் பத்து நாள் விட்டிருந்தா பாதத்தையே எடுக்க வேண்டி வந்திருக்கும்"னாங்க. அப்பதான் எனக்கு வடிவு கல்யாணம் ஞாபகம் வந்துச்சு. மகளைக் கையைப் பிடிச்சுக் கொடுக்க நிக்கணும்லா. நிக்கதுக்குக் கால் வேணும்லா. ரொம்பப் பயந்துட்டேன் அண்ணாச்சி. போலீஸ்காரன் பயந்துட்டான்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க. இந்தா, ஆணியைக் காகிதத்துல மடிச்சு வாங்கிட்டு வந்துட்டேன். சான்றுப் பொருளைத் தூரப் போடக் கூடாது.

திரும்பிப் பாக்கானா? இல்லையா? அப்படியே உக்காந்திருக்கானா? கல்நெஞ்சுக்காரப் பய.

சரி, பனவடலிசத்திரம் தாண்டியாச்சு. கிட்ட வாங்க, என் திட்டத்தைச் சொல்லுதேன். இந்த இடது செருப்பை நான் இங்கனயே விட்டுட்டு இறங்கப் போறேன். வேணும்னேதான். நீங்க தொடக் கூடாது, கண்டக்டரையும் தொட விடாதீங்க. என் பின்னாலயே வாரவன் அவன்தானே, எடுக்காம இருக்க மாட்டான். எடுத்தா கொண்டுவந்து தரணும். தந்தா "அத்தான், செருப்பு"ன்னு வாயைத் திறந்துதானே ஆகணும்? வாயைத் திறந்துட்டா பெறகு நான் பாத்துக்கிடுதேன். எப்படிப் பொறி? இந்தத் தடவை ஆணி கிடையாது.

முடிச்சுதான் அவுர மாட்டேங்கு. நர்ஸம்மா என்ன முடிச்சு போட்டாங்களோ. நகத்தாலகூட வர மாட்டேங்கே. இருங்க, குனிஞ்சுக்கிடுதேன். என்ன அண்ணாச்சி, தோளைத் தட்டுதீங்க? இந்தா வந்துரும். யாரு? யாரு நிக்கா?

ஏ... நயினாரா?

கையில என்னடே அது? செருப்பா? என்னதா? நான் இன்னும் அவுக்கவே இல்லையேடே. இந்தா பாரு, இடது கால்ல முடிச்சோட இருக்கு.

வலதா?

அண்ணாச்சி, என் வலது கால்ல செருப்பு இருக்கா, பாருங்க. இல்லையா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க.

மானூர்ல பிரேக் போட்டப்போ உன் காலடியில வந்து விழுந்துதா? அப்ப இருந்து மடியிலயா வச்சிருந்த? அப்பவே கொண்டுவந்து தந்திருக்கலாம்லாடே? என்ன? என்ன சொல்லுத, சத்தமாச் சொல்லு, பஸ் இரைச்சல்ல கேக்கல.

"தந்தா மறுபடியும் கள்ளன்ம்பீங்க அத்தான்"ங்கான். கேட்டீங்களா அண்ணாச்சி? அத்தான்னு சொல்லிட்டான்.

ஏ, கீழ உக்காராத. எல்லாரும் பாக்காங்கடே. எழுந்திரு. நான் போட்டுக்கிடுதேன். என்ன, கண்ணை மூடவா? சரி, மூடிட்டேன். பெருவிரலையா பிடிச்சிருக்க? தெரியுதான்னு கேக்கான் அண்ணாச்சி. மூச்சுச் சத்தத்தை வச்செல்லாம் சொல்லக் கூடாதாம்.

தெரியலடே நயினாரு. எனக்குத் தெரியல.

ஏ, அழாதடே. மருந்துக்கடைக்காரன் அழலாமா? அண்ணாச்சி, அந்தப் பையைக் கொடுங்க. மேலாப்புல மஞ்சள் தடவின பத்திரிகை ஒண்ணு இருக்கும், அதை எடுங்க. தாம்பாளம் இல்ல, வெத்தலை பாக்கு இல்ல, கோமுவும் கூட இல்ல. வைவா, வையட்டும்.

ஏடே, மொதல்ல கையைத் துடைச்சுக்கிடு. செருப்பைத் தொட்ட கையோட தாய்மாமன் பத்திரிகை வாங்கக் கூடாது.